முப்பது வயதில் ஆடிய பற்கள்

அப்பாவின் பற்களில் ஒன்றுகூடச் சொத்தை விழுந்து போனதில்லை. எல்லாம் முழுசு முழுசாகவே விழுந்தன. கீழ்வரிசை முன்பல்தான் முதலில் ஆடத் தொடங்கியது. விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன், வாசல் திண்ணையான இஸ்தோப்பில் குந்தியபடி ரொட்டித் துண்டைத் தேத்தண்ணியில் நனைத்து, அந்தப் பல்லில் படாமல் கடைவாய்க்குத் தள்ளுவார். கொஞ்ச நாளில் விரலாலேயே பிடித்து எடுத்துவிட்டார். அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். ஓட்டை இல்லை, உடைசல் இல்லை, வேர் முழு நீளத்துக்கும் இருந்தது. வேரைச் சுற்றி மட்டும் கறுப்பும் பழுப்புமாகக் கல் படிந்திருந்தது.

"பல்லு நல்ல பல்லுதான். பிடிமானந்தான் இல்லாமப் போச்சு" என்றாள் அப்பாயி.

ஈறு நோயைப் பற்றி அதற்குப் பிறகு நான் எவ்வளவோ படித்துவிட்டேன். அப்பாயியின் அந்த ஒரு வரிக்கு மேல் சரியாக யாரும் சொல்லிவிடவில்லை. பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத் தாங்கிப் பிடித்திருந்த தாடை எலும்பும், வேரையும் எலும்பையும் இணைத்திருந்த நாரும்தான் உள்ளுக்குள்ளேயே கரைந்துபோயிருந்தன. வலியில்லாமல் கரைந்தன. அதனால்தான் ஆடத் தொடங்கும்வரை வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் சொல்வது 1960களின் கடைசி, நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஆண்கள் பல் விளக்குவது தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில். ஆட்காட்டி விரலில் அடுப்புச் சாம்பலையோ கரித்தூளையோ தொட்டு, முன்பல்லின் வெளிப்பக்கத்தை நாலு இழுப்பு இழுத்து, வாய் கொப்பளித்துத் துப்புவார்கள். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலோ, உட்பக்கத்திலோ, ஈறு பல்லைத் தொடும் விளிம்பிலோ அந்த விரல் போனதே இல்லை, போகவும் முடியாது. பிறகு நாள் முழுக்க வெற்றிலை. மலையில் மழையிலும் குளிரிலும் நிற்கிறவர்களுக்கு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, பொயிலை நான்கும் சேர்ந்துதான் சூடு. அந்தச் சிவப்பு எச்சிலோடு ஈற்றிலிருந்து கசிந்த இரத்தமும் சேர்ந்து போனது. எந்தச் சிவப்பு எதிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் வழியிருக்கவில்லை. நோய் காட்டும் முதல் அடையாளமே இரத்தம்தான். எங்கள் ஆட்களுக்கு அந்த அடையாளம் வாய்க்குள்ளேயே மறைந்துபோனது.

லயத்தில் மூன்று விதமான வாய்கள் இருந்தன. அப்பாவைப் போல ஒரு சிலருக்கு முப்பது வயதிலேயே பல் ஆடி, நாற்பத்தைந்துக்குள் வாய் பொக்கையாகிவிடும். அம்மாவைப் போலப் பெரும்பாலானவர்களுக்கு ஒன்று, இரண்டு என்று மெதுவாகப் போகும். அவர்களை யாரும் நோயாளி என்று நினைத்ததில்லை. மூன்றாவதாகப் பெரியப்பா. அதே சாம்பல், அதே வெற்றிலை, அதே கறை, பல்லில் அதே கல். ஆனால் எழுபது வயதிலும் கரும்பு கடிப்பார். அவருக்கு ஏதோ மூலிகை தெரியும் என்று பக்கத்து லயத்தில் பேச்சு. அவருக்கு ஒரு மூலிகையும் தெரியாது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் பல்லுக்கு இருந்தது ஒரே வைத்தியம், குறடு. அதற்கு முன்னால் உப்புத் தண்ணீர், கிராம்பு. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவும் இல்லை. ஆடுகிற பல்லைப் பிடுங்குவது வழக்கம், பல் போவது வயது, வயது யாருக்கும் வரும். அப்பாவுக்கு அப்போது நாற்பதுகூட முடியவில்லை என்பதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

இப்போது கண்டியில் ஒரு பல் டாக்டரிடம் போய் வருகிறேன். அவர் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர். லயத்துப் பெண்பிள்ளை ஒருத்தி வெள்ளைக் கோட்டோடு என் வாய்க்குள் விளக்குப் பிடித்துப் பார்ப்பது, என்னைப் போல மலையகப் பாடசாலைகளில் ஆயுள் முழுக்கக் கற்பித்தவளுக்கு எப்படிப்பட்ட நிறைவு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அவர் முதலில் எடுத்தது ஒரு மெல்லிய கம்பி. நுனி மழுங்கியது, மில்லிமீட்டர் கோடுகள் போட்டது. ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் அதை மெதுவாக இறக்கி ஆழம் பார்க்கிறார். "ரெண்டு, மூணு, ரெண்டு, அஞ்சு, நாலு, ஆறு" என்று சொல்லச் சொல்ல, பக்கத்தில் நிற்கிற தாதி எழுதிக்கொள்கிறார். மூன்று வரை சுகமான ஈறு. நான்கும் அதற்கு மேலும் என்றால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பை போலக் குழி விழுந்திருக்கிறது. அந்தக் குழிக்குள் பிரஷ் போகாது, கொப்பளிக்கிற தண்ணீரும் போகாது. அடியில் கிருமிகள் படலமாகப் படிந்து, எச்சிலிலும் ஈற்றுநீரிலும் உள்ள சுண்ணச் சத்தை இழுத்துக் கல்லாகி, அந்தக் கல்லின் மேல் மறுபடி படலம் ஏறி, அப்படியே வேரை நோக்கி இறங்கிக்கொண்டே போகும். அப்பாவின் பல்வேரில் அம்மா பார்த்த கறுப்புக் கல் அதுதான்.

எலும்பைக் கரைப்பது நேரடியாகக் கிருமி மட்டும் இல்லை என்பதையும் அவர் சொன்னார். கிருமியை விரட்ட உடம்பு அனுப்புகிற வெள்ளையணுக்களும் அவை சுரக்கிற பொருட்களும் ஆண்டுக்கணக்கில் அந்த இடத்திலேயே போராடுகின்றன. அந்தப் போராட்டத்தின் சூட்டில் சொந்த எலும்பே அரிக்கப்படுகிறது. ஈறு மட்டும் வீங்கி இரத்தம் கசிகிற கட்டத்தில் சுத்தம் செய்தால் பழையபடி ஆகிவிடும். எலும்பு கரைந்த பிறகு சிகிச்சையால் நோயை நிறுத்தலாம். போன எலும்பு பெரும்பாலும் திரும்பாது.

எழுதி முடித்த தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "டீச்சர், உங்க அப்பாவுக்கு எத்தன வயசுல பல்லு போச்சு?"

"நாப்பத்தஞ்சுக்குள்ள எல்லாமே போயிருச்சும்மா."

"அது எங்க பாடப் புத்தகத்துல இருக்கு" என்றார். "உங்க அப்பாவச் சொல்லல. நம்ம ஆளுங்களச் சொல்றேன். உலகத்துல எங்க பல் வைத்தியம் படிச்சாலும் அந்தக் கணக்கப் படிக்காம முடிக்க ஏலாது."

அந்தக் கணக்கை எடுத்த ஆய்வைப் பற்றி அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன். பிறகு தேடித் தேடிப் படித்தேன்.

ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பல் வைத்திய ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் ஒரு கேள்வியோடு புறப்பட்டார்கள். ஈறு நோய்க்கு எந்தச் சிகிச்சையும் கிடைக்காவிட்டால், ஒரு மனித வாயில் அது ஆண்டுக்கு ஆண்டு எப்படிப் போகும்? இதற்கு இரண்டு கூட்டம் தேவைப்பட்டது. ஒன்று, 1969இல் ஒஸ்லோவில் சேர்த்த 565 ஆண்கள், மாணவர்களும் படித்தவர்களும். சின்ன வயதிலிருந்தே பாடசாலைப் பற்சிகிச்சையோடு வளர்ந்தவர்கள். இன்னொன்று, 1970இல் இலங்கை மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களில் சேர்த்த 480 ஆண்கள். பதின்வயது முதல் முப்பது வயது வரையிலான தமிழ்த் தொழிலாளர்கள். பற்சிகிச்சையோ பல் பாதுகாப்புக் கல்வியோ வாழ்க்கையில் ஒருமுறையும் எட்டாதவர்கள் என்பதாலேயே தெரிந்தெடுக்கப்பட்டார்கள். எங்கள் தோட்டம் அதில் இல்லை. ஆனால் அதே மலை, அதே லயம், அதே சாம்பல்.

அவர்களைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அப்பாயியின் குரல் கேட்டது. பல்லில் சொத்தை அநேகமாக இல்லை, உடல்நிலை மோசமில்லை, ஆனால் எல்லோருடைய பல்லிலும் படலமும் கல்லும் கறையும், எல்லோருடைய ஈறும் வீங்கியிருந்தது. பல்லு நல்ல பல்லுதான்.

பல்லை ஈறும் நாரும் பிடித்திருக்கும் இடம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்தார்கள். ஒஸ்லோ ஆண்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். எங்கள் ஆட்களுக்கு 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர். கண்ணால் காண முடியாத அளவுதான். ஆனால் ஒரு முன்பல்லின் வேர் முழு நீளமே 12, 13 மில்லிமீட்டர்தான் என்று வைத்து, முப்பது நாற்பது ஆண்டுகளால் பெருக்கிப் பாருங்கள்.

1986இல் அவர்கள் வெளியிட்ட பதினைந்தாண்டுக் கணக்கில்தான் என் லயம் அப்படியே நின்றது. தோட்டத் தொழிலாளர்களை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். 8 விழுக்காட்டினருக்கு நோய் வேகமாகப் போனது. 35 வயதில் சராசரியாக 9 மில்லிமீட்டர் பிடிமானம் போய்விட்டது, 45 வயதில் பல்லே இல்லை. 81 விழுக்காட்டினருக்கு நடுத்தர வேகம்; 45 வயதில் ஏழு பல் போல இழந்திருந்தார்கள். மிச்சம் 11 விழுக்காட்டினருக்கு ஈறு வீக்கத்துக்கு மேல் நோய் நகரவே இல்லை. அப்பா, அம்மா, பெரியப்பா. நாங்கள் பீலிக்கரையில் பார்த்துப் பழகிய மூன்று முகங்களை, உலகம் ஒரு வரைபடத்தில் மூன்று கோடுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியப்பாவிடம் ஒரு மூலிகையும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அழுக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். அதற்கு உடம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. பிறவியில் வந்தது கொஞ்சம், புகையிலை, சீனி வருத்தம் (நீரிழிவு) போலச் சேர்ந்துகொண்டது கொஞ்சம். ஆளுக்கு ஆள் மாறும் என்ற இந்த உண்மை எங்கள் ஆட்களின் வாயிலிருந்துதான் உலகத்துக்குத் தெளிவாகக் கிடைத்தது. அதை நான் பெருமையோடும் மனவலியோடும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

மனவலி எதற்கு என்றால், அந்த ஆண்டுகளை நான் அறிவேன். 1970க்குப் பிறகு 1973, 1977, 1982, 1985 என்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப வந்து அளந்திருக்கிறார்கள். 1973, 74 தோட்டங்களில் பட்டினி. மாவும் அரிசியும் குறைந்து, கிழங்கும் கீரையும் தேடி அலைந்த காலம். 1977 ஓகஸ்டில் கலவரம். 1983இல் அதைவிடப் பெரிய கலவரம். இவற்றுக்கெல்லாம் முன்பே, 1948இன் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்திருந்தது. ஆட்கள் பெட்டி கட்டிக் கப்பலேறிக்கொண்டே இருந்தார்கள். 1970இல் 480 பேர் இருந்த ஆய்வில் 1985இல் மிஞ்சியவர்கள் 161 பேர். 2010இல் நாற்பது ஆண்டுக் கணக்கு எடுக்க மறுபடி தேடியபோது பார்க்க முடிந்தவர்கள் 75 பேர். இந்த எண்கள் கட்டுரைகளில் ஆய்வின் குறைபாட்டைச் சொல்லும் வரியில் வருகின்றன. எனக்கு அவை ஊர் கலைந்த கணக்கு.

எந்த நாட்டுக்காரர்கள் என்று இரண்டு அரசுகளாலும் முடிவு செய்ய முடியாதிருந்த மனிதர்களின் வாயில், ஈறு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று மட்டும் உலகம் துல்லியமாக அறிந்திருந்தது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. லோவின் மேல் மட்டும் அந்தக் கோபத்தைப் போட எனக்கு மனம் வரவில்லை. சிகிச்சை இல்லாத மக்களை அவர் உண்டாக்கவில்லை. அப்படியே இருக்க விட்டவர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக எங்கள் உழைப்பில் வாழ்ந்தவர்கள். ஆனாலும், பதினைந்து ஆண்டு ஒரு மனிதனின் வாயைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறவர் அவனுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார் என்ற கேள்வி நியாயமானது. இன்று அப்படி ஓர் ஆய்வைத் தொடங்க எந்த நெறிமுறைக் குழுவும் விடாது; விடவும் கூடாது.

இதில் இன்னொன்று. ஈறு வீக்கத்துக்குப் பல்லில் படியும் படலம்தான் காரணம் என்பதை லோ அதற்கு முன்பே காட்டிவிட்டிருந்தார். 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸில், அவரும் சகாக்களும் பன்னிரண்டு பேரைப் பல் விளக்காமல் இருக்கச் சொன்னார்கள். பெரும்பாலும் பல் வைத்திய மாணவர்கள், ஈறு நன்றாக இருந்தவர்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி ஒழுங்காக விளக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் வீக்கம் இறங்கிவிட்டது. அதுவரை ஈறு நோய்க்கு வயது, சாப்பாடு, ஹார்மோன் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னவர்களுக்கு அது முடிவான பதில். பல்லில் தினமும் படிகிறதைத் தினமும் எடுத்துவிட்டால் ஈறு தேறிவிடுகிறது. இந்தப் பதில் 1965இலேயே அச்சில் இருந்தது. எங்கள் பீலிக்கரைக்கு அது வரவில்லை. அப்பாவுக்கு அப்போது கடைசிக் கடைவாய்ப் பல் வரை எல்லாம் இருந்தன.

என் சிகிச்சையைப் பற்றிச் சொல்கிறேன். பலர் இதைக் கேட்டுப் பயப்படுகிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, அதிர்கிற நுனியும் தண்ணீரும் உள்ள கருவியால் ஈற்றுக்குக் கீழே இறங்கி, வேரில் ஒட்டிய கல்லைப் பெயர்த்து எடுக்கிறார்கள். பிறகு கையால் பிடிக்கும் கூர் கருவிகளால் வேரை வழவழப்பாக்குகிறார்கள். வலது பக்கம் ஒரு நாள், இடது பக்கம் இன்னொரு நாள். சில வாரம் கழித்து மறுபடி அந்தக் கோடு போட்ட கம்பி. எனக்கு ஆறாக இருந்த குழிகள் சில நான்குக்கும் மூன்றுக்கும் வந்துவிட்டன. இறங்காத ஆழக் குழி இருந்தால் ஈற்றை விலக்கிக் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்கிற சிறு அறுவைச் சிகிச்சை உண்டு. அதோடு முடிந்துவிடவும் இல்லை. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும். வீட்டில் பல்லிடுக்குக்கென்று செய்த குட்டிப் பிரஷை இராத்திரிதோறும் விட்டெடுக்க வேண்டும். டாக்டர் செய்வதால் மட்டும் நோய் நிற்காது, நாம் செய்வதில்தான் நிற்கும்.

"கல்லு எடுத்தா பல்லு ஆடும், சந்து விழும்" என்பது இன்றைக்கும் லயத்தில் இருக்கிற பயம். அதில் பார்வைப் பிழை மட்டும்தான் இருக்கிறது. ஈறு இறங்கி வெறுமையான இடத்தில்தான் கல் அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த சந்து தெரிகிறது. வீங்கிய ஈறு வற்றிப் பல்லில் இறுக ஒட்டுவதால் பல் நீண்டது போலவும் தெரியும், கொஞ்ச நாள் குளிர்ந்த தண்ணீரில் கூசும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விடும்போதுதான் ஆட்கள் பாதியில் ஓடிவிடுகிறார்கள். என் டாக்டர் கண்ணாடியைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் முன்னமே சொல்லிவிட்டார்.

எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. பல் டாக்டர் அதனால்தான் முதல் நாளே கிளினிக் கொப்பியைக் கேட்டார். சீனி வருத்தத்துக்கும் ஈற்றுக்கும் உள்ள உறவு இருவழிப் பாதை. இரத்தத்தில் சீனி கூடினால் கிருமிக்கு எதிரான உடம்பின் பதில் தாறுமாறாகிறது, புண் ஆறுவது தாமதமாகிறது. ஈறு வேகமாகக் கரைகிறது. அந்தப் பக்கம், ஈற்றில் ஓயாமல் எரியும் அழற்சி இரத்தத்தில் கலந்து இன்சுலின் வேலை செய்வதைக் கெடுக்கிறது. சீனி இன்னும் ஏறுகிறது. கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய இரத்தக் குழாய், புண் ஆறுதல் என்று சீனி வருத்தம் கெடுக்கிறவற்றின் வரிசையில் ஈறு நோயை ஆறாவதாகச் சேர்க்க வேண்டும் என்று 1993இல் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஹரால்ட் லோ. தேயிலைத் தோட்டத்து வாய்களை அளந்த அதே மனிதர், அப்போது அமெரிக்காவின் தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர்.

ஈறு நோய்க்கு ஒழுங்காகச் சிகிச்சை செய்தால், மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் அந்தப் பரிசோதனை எண் ஏறத்தாழ 0.4 புள்ளி இறங்குகிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் மதிப்பீடு 2022இல் சொன்னது. சின்ன எண்ணாகத் தோன்றலாம். சீனி வருத்தக்காரர்களுக்கு அது சின்ன எண் இல்லை; ஒரு மாத்திரையைக் கூட்டாமல் கிடைக்கிற இறக்கம். என் எண்ணும் இறங்கியது. நடையும் கூடியது, சோறும் குறைந்தது என்பதால் முழுவதும் ஈற்றால்தான் என்று நான் சொல்ல மாட்டேன்.

வாய்க்கும் உடம்புக்கும் உள்ள உறவைப் பற்றி எச்சரிக்கையாகத்தான் பேச வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த உறவை வைத்தியர்கள் ஒருமுறை வெறிகொண்டு நம்பிய காலம் உண்டு. வில்லியம் ஹன்டர் என்ற பிரித்தானிய வைத்தியர் 1900இலும், பிறகு 1910இல் மொன்ட்ரியல் நகரில் ஆற்றிய உரையிலும், வாயின் சீழே பல நோய்களுக்கு வேர் என்றார். அதற்குப் பிறகு மூட்டு வலிக்கு, சோகைக்கு, களைப்புக்கு என்று ஆயிரக்கணக்கான நல்ல பற்கள் பிடுங்கப்பட்டன. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மனநோய் மருத்துவமனை ஒன்றை நடத்திய ஹென்றி கொட்டன், பித்துக்குக் காரணம் பல்தான் என்று நோயாளிகளின் பற்களை வரிசையாகப் பிடுங்கினார். அதோடு நிற்காமல் குடலையும் வெட்டினார். எத்தனையோ பேர் இறந்தார்கள். அந்தப் பயங்கரத்துக்குப் பிறகு வாய்க்கும் உடம்புக்கும் உறவு என்று பேசவே வைத்தியர்கள் அரை நூற்றாண்டு கூச்சப்பட்டார்கள். பல் ஒரு கட்டடம், உடம்பு வேறு கட்டடம் என்று ஆகிவிட்டது.

1989இல் பின்லாந்திலிருந்து வந்த ஓர் ஆய்வு, மாரடைப்பு வந்தவர்களின் வாய் மற்றவர்களுடையதைவிடக் கெட்டிருந்ததைக் காட்டியபோது பேச்சு மறுபடி தொடங்கியது. இருதய நோயும் ஈறு நோயும் ஒன்றாகக் காணப்படுகின்றன என்பதை அமெரிக்க இருதய சங்கம் 2012இல் ஒப்புக்கொண்டது. ஆனால் ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பதற்கோ, ஈற்றைச் சரிசெய்தால் மாரடைப்பு தடுக்கப்படும் என்பதற்கோ சான்று போதாது என்றும் சொன்னது. இந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது. ஈறு சுத்தமானால் இருதயம் காக்கப்படும் என்று விளம்பரம் செய்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஈறே ஓர் உறுப்பு. அதைக் காப்பதற்கு இருதயத்தின் சிபாரிசுக் கடிதம் தேவையில்லை.

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அம்மாமார் ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் ஈறு வீங்கி இரத்தம் வருவதைப் பிள்ளையோடு வருகிற ஒன்றாகவே எடுத்துக்கொண்டார்கள். கர்ப்பத்தில் ஹார்மோன் மாறுவதால் ஈறு கூடுதலாக வீங்குவது உண்மை. அதற்கு மேல், கர்ப்பிணி பல் வைத்தியரிடம் போகக்கூடாது என்ற பயமும் இருந்தது. 2006இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று, கர்ப்பத்தின் நடு மாதங்களில் ஈறு சிகிச்சை செய்வதால் ஆபத்து இல்லை, ஈறும் தேறுகிறது என்று காட்டியது. குறைமாதப் பிறப்பைக் குறைக்கும் என்று எதிர்பார்த்தது மட்டும் நடக்கவில்லை. அதனால் என்ன? தாய் வலியில்லாமல் சாப்பிடுவது போதாதா?

இன்றைக்கு லயங்களில் காம்பராவுக்குக் காம்பரா பிரஷும் பற்பசையும் இருக்கின்றன. பீலிக்கரையில் சாம்பல் தொடுகிற விரல் அநேகமாக இல்லை. ஆனால் அப்பா காலத்தில் இல்லாத சொத்தை இப்போது பிள்ளைகளின் பாற்பல்லிலேயே விழுகிறது. பிஸ்கட், இனிப்புப் பாக்கெட், மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி. பெரியவர்களுக்கு ஈறும் போகிறது. ஒரு தலைமுறைக்குப் பல் நன்றாயிருந்து பிடிமானம் போனது. இந்தத் தலைமுறைக்கு இரண்டும் போகிறது. சீனி வருத்தக் கிளினிக்கில் காலையும் கண்ணையும் பார்க்கிறார்கள். வாயைத் திற என்று சொல்வதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஈறு நோயின் இயல்பான போக்கை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த மக்களுக்கு, தோட்டத்துக் கிளினிக்கிலேயே அந்தக் கோடு போட்ட கம்பியோடு ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை வந்து உட்கார வேண்டும் என்று கேட்பது அதிகப்படியா? நான் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். தொழிற்சங்கக்காரர்களிடம், சுகாதார அதிகாரிகளிடம், என்னிடம் படித்து இன்று பெரிய இடத்தில் இருக்கிற பிள்ளைகளிடம்.

போன மாதம் எங்கள் பழைய தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பெண்களைக் கூட்டிப் பேசினேன். கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்திருந்தார்கள். பேசி முடித்ததும் சித்தி முறையான ஒருத்தி என் பக்கம் நகர்ந்து வந்தாள். அவளுக்கும் சீனி வருத்தம்.

"பிரஷ வெச்சாலே ரத்தமா வருது மகள். அதான் ரெண்டு வருசமா பிரஷத் தொடுறதில்ல. விரலாலதான்."

"ரத்தம் வர்ற எடத்தத்தான் சித்தி நல்லா சுத்தம் பண்ணணும். மெல்லிசு நாரு உள்ள பிரஷா வாங்கி, ஈறும் பல்லும் சேர்ற எடத்துல சாய்ச்சு வெச்சு, மெதுவா. மொத ஒரு வாரம் ரத்தம் வரும். அப்புறம் கொறையும்."

"கொறையாட்டி?"

"உள்ள கல்லு இருக்குன்னு அர்த்தம். அத நம்மளால எடுக்க ஏலாது. டாக்டர் எடுப்பாங்க."

"பல்லு ஆடிப் போயிருமே?"

கண்ணாடியை எடுத்து, என் கீழ்வரிசைப் பல்லையும் அதன் இடுக்கையும் காட்டி, எது கல் இருந்த இடம், எது பல் என்று சொன்னேன். அவள் என் பல்லைக் கையால் தொட்டு அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் என்னோடு கண்டிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். கிளினிக் கொப்பியையும் மறக்காமல் எடுத்து வரச் சொன்னேன். பல் டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.